பதிவு ஏற்கெனவே உள்ளது

காயத்ரி கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் சிதம்பரம் வந்து, அங்கே ஓர் ஆதார் மையத்தில் வேலை பார்த்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை, ஆதரவற்றோர் இல்லம் நடத்தும் சகாயசெல்வி, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவரை மூன்றாவது முறையாக அங்கே அழைத்து வந்தார். அவருக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. ஊர் பேர் தெரியாததால் இல்லத்தில் அவரை மணி என்று கூப்பிட்டார்கள்.

"ரெண்டு தடவையும் ரிஜெக்ட் ஆயிடுச்சும்மா. கார்டு இல்லாம காப்பீடு கெடைக்காதுன்றாங்க. ரேகை சரியா விழலியா?"

அந்த இரண்டு முறையும் பதிவு செய்தது காயத்ரிதான். ரேகை தேய்ந்திருக்கும் என்று அவளே முடிவு கட்டியிருந்தாள். இப்போதுதான் திரையில் இருந்த காரணத்தை நிதானமாகப் படித்தாள். இவருடைய பதிவு ஏற்கெனவே உள்ளது என்றிருந்தது.

"அக்கா, இவர் ஏற்கெனவே ஆதார் எடுத்திருக்காரு! அதுல பேரு, விலாசம் எல்லாம் இருக்கும்."

"அப்ப இவரு ஊரு எதுன்னு இப்பவே பாரும்மா," என்றார் சகாயசெல்வி.

அந்த விவரத்தை மையத்திலேயே பார்த்துவிட முடியாது. இல்லத்தின் கடிதம், போலீஸ் கடிதம், கருவிழிப் பதிவு எல்லாம் மண்டல அலுவலகத்துக்குப் போயின. மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. பெயர் உத்திராபதி. கடலூர் முதுநகர். கொடுத்திருந்த போன் எண் உபயோகத்தில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காயத்ரியே விலாசத்தைத் தேடிப் போனாள். ரயில்வே லைனை ஒட்டிய வீடு. கதவைத் திறந்தவள் புஷ்பவள்ளி, உத்திராபதியின் அக்கா. காயத்ரி செல்போனில் காட்டிய படத்தைப் பார்த்ததும் போனைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"உசுரோட இருக்கானா?"

"நல்லா இருக்காருக்கா. சிதம்பரத்துலதான்."

"சிதம்பரத்துலயா? ஆறு வருசமா திருச்சி, மெட்ராஸ்னு அலைஞ்சனே! ஸ்டேஷன் பக்கம் போனவன் எந்த வண்டியில ஏறுனான்னே தெரியல. பக்கத்துலயே இருந்திருக்கானே!"

அன்றைக்கே கிளம்பினார்கள். இல்லத்தின் வாசலில் உத்திராபதி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அக்காவைப் பார்த்ததும் ஈரத்துணியை அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். அவள் நெற்றியில் இருந்த பழைய தழும்பைத் தடவினார். பிறகு கையை ஆட்டி ஆட்டி என்னென்னவோ சொன்னார். இத்தனை வருடம் அங்கே யாருக்கும் புரியாத சைகைகள்.

"என்னக்கா சொல்றாரு?" என்றார் சகாயசெல்வி.

"நான் எளச்சுப் போயிட்டனாம். சோறு துன்னலியான்னு கேக்குறான்." புஷ்பவள்ளி அழுதுகொண்டே சிரித்தாள். சகாயசெல்வியின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "எங்கம்மா இருந்திருந்தாக்கூட இப்படிப் பாத்திருக்க மாட்டாங்க."

பிறகு காயத்ரியிடம் திரும்பினாள். "நீ வூடு தேடி வந்தியேம்மா. உனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல."

"மொதல் தடவையே காரணத்தப் படிச்சிருந்தா ரெண்டு மாசம் முன்னாடியே வந்திருப்பேன்க்கா," என்றாள் காயத்ரி.

"வந்துட்டியேம்மா. அது போதும்."

உத்திராபதி உள்ளே போய் மூன்று டம்ளரில் தண்ணீர் கொண்டு வந்தார். முதல் டம்ளரைக் காயத்ரியிடம் நீட்டினார்.