சனிக்கிழமைக்கு முன்பா, பின்பா

…ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு வா என்றால் குடித்துவிடலாம், குடித்தபின் முக்கால் மணி நேரம் அடக்கிக்கொண்டு உட்காரச் சொல்கிறார்களே, அதுதான் கொடுமை. என் டோக்கன் பதினெட்டு, உள்ளே போயிருப்பது பதினாறு. பக்கத்தில் என் வீட்டுக்காரர் சிவக்குமார் செல்போன் பார்க்கிறார், பத்து நிமிஷமாக ஒரே பக்கத்தை. போன வாரம் திங்கட்கிழமை இதே ஸ்கேன் சென்டரில் டாக்டரம்மா, கரு தெரிகிறது, துடிப்பு தெரியவில்லை, ஆறு வாரம்தானே, பத்து நாள் பார்ப்போம் என்றார். போன வருஷமும் இதே பத்து நாள்தான் சொன்னார்கள்… பதினோராம் நாள் ஒன்றுமில்லை என்றார்கள். இன்றைக்கும் சொன்னால்? சொல்லட்டும் என்று நினைக்கப் பார்க்கிறேன், முடியவில்லை, எனக்கு இது வேண்டும்.

நேரம் பார்த்து இந்தச் செவ்வாய்க்கிழமை பதினொன்றாம் வகுப்பில் இதயம் பாடம் வந்து தொலைத்தது. விலங்கியல் டீச்சர், எடுக்காமல் முடியுமா? வலது மேலறைச் சுவரில் கொஞ்சம் பேஸ்மேக்கர் செல்கள், அவற்றுக்கு யாரும் உத்தரவு போட வேண்டியதில்லை, மூளைகூட வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம், அவ்வளவுதான். சோடியம் மெல்ல மெல்ல உள்ளே கசியும், ஓர் அளவு வந்ததும் அதற்கு மேல் தாங்காது, ஒரு மின்துடிப்பு, மறுபடி கசிவு… தாங்காது என்றால் என்னவென்று இப்போது என்னைக் கேட்க வேண்டும். கல்லூரியில் தவளையை அறுத்து, இதயத்தை மட்டும் உப்புக் கரைசலில் போட்டோம், அது பாட்டுக்குத் துடித்துக்கொண்டே கிடந்தது. இதையெல்லாம் சொல்லி முடித்தேன், ரம்யாஸ்ரீ எழுந்தாள், “மிஸ், அப்ப மொதத் துடிப்ப யாரு ஆரம்பிச்சு வைக்கிறது?” அது பரீட்சைக்கு வராது, உட்காரு என்றேன். பாவம், நல்ல கேள்வி. இந்தப் பத்து நாளும் நான் மாடி ஏறவில்லை, மூட்டு வலி என்று சொல்லி இரண்டாம் மாடி வகுப்பைத் தமிழ்வாணி டீச்சர் தலையில் கட்டினேன், “இம்புட்டு வயசுலயே மூட்டு வலியாடி, எங்க மாமியாரே தடதடன்னு ஏறுது” என்று சிரித்தாள். பள்ளிக்கூடத்தில்தான் ஏறவில்லை. சனிக்கிழமை துணி காயப்போட வீட்டு மொட்டை மாடிக்குப் போனேன், அங்கே என்ன சொன்னேன் என்பது இவருக்குக்கூடத் தெரியாது.

பதினெட்டு. இவரும் கூடவே உள்ளே வருகிறார், படுக்கிறேன், வயிற்றில் ஜில்லென்று ஜெல், டாக்டரம்மா திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொள்கிறார், போன வருஷமும் இப்படித்தான்… கருவியை அழுத்துகிறார், நகர்த்துகிறார், நான் கூரையில் கறை பிடித்த பலகையைப் பார்க்கிறேன். “இங்க பாருங்கம்மா.” திரையைத் திருப்புகிறார். சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டு, அதற்குள் இன்னும் சின்னதாக ஏதோ மினுக் மினுக்கென்று. “நூத்தி நாப்பத்தெட்டு, நல்லாருக்கு.” ஆத்தீ என்கிறார் இவர். எனக்குச் சந்தோஷம், சத்தியமாகச் சந்தோஷம், ஆனால் வாய் வேறு எதையோ கேட்கிறது. “எப்ப ஆரம்பிச்சிருக்கும் டாக்டர்?” அவர் சிரிக்கிறார். “அத யாரும்மா சொல்ல முடியும்? போன தடவ நீங்க வந்துட்டுப் போன மறுநாளேகூட ஆரம்பிச்சிருக்கலாம்.” மறுநாள் என்றால் செவ்வாய். புதன், வியாழன், வெள்ளி… சனிக்கிழமை ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே வயிற்றைப் பார்த்துச் சொன்னேன், என்னால காத்துக் கெடக்க முடியல, போறதுன்னா இப்பவே போயிரு என்று. “எந்திரிச்சு பாத்ரூம் போய்ட்டு வாங்கம்மா, பாவம் அடக்கிட்டு இருக்கீங்க.” காதே முளைத்திருக்காது, பாடம் எடுக்கிற எனக்குத் தெரியாதா? தெரியும். இருந்தும் எழுந்திருக்கத் தோன்றவில்லை. நான் அதைச் சொன்னபோது இது துடித்துக்கொண்டிருந்ததா?