திருப்பி ஊற்றிய பாகு

"டண்ண்!"

மேப்பிள் பாகு காய்ச்சிக்கொண்டிருந்த அகலத் தட்டின் அடியிலிருந்து சத்தம் வந்தது. அடுப்பில் விறகு திணித்துக்கொண்டிருந்த மிரேய் துள்ளி எழுந்தாள். நீராவிக்குள் தலையை நீட்டிப் பார்த்தாள். இரண்டு விரல் ஆழம் நிற்க வேண்டிய, மேப்பிள் மரங்களில் வடித்த இனிப்பு நீர் அரை விரல்கூட இல்லை. மேலே தொட்டியிலிருந்து வரும் குழாய் சொட்டுகூட விடவில்லை.

"நோர்மான்! குழாய் அடைச்சுக்கிச்சு, ஓடி வா!"

முட்டை தின்றுகொண்டிருந்த அவள் கணவன் கரண்டியோடு ஓடி வந்தான். "வளைவுல நீர் உறைஞ்சு போச்சு!" என்று சுத்தியலை எடுத்துக் குழாயைத் தட்டினான்.

"அவசரத்துக்கு வெச்சிருந்த வாளி நீர் எங்க?"

"அதுலதானே முட்டை வேகவெச்சேன்."

"ஒரு வாளி நீர்லயா?"

"பன்னெண்டு முட்டை, மிரேய்! காபியும் போட்டேன்."

"உன்னை அப்புறம் வேகவைக்கிறேன்! விறகை வெளியே இழு!"

"இழுத்தா கொட்டகையே பத்திக்கும்!"

பழைய தட்டு சென்ற மார்ச்சில் கருகி ஓட்டையாகி, பருவத்தின் பாதியிலேயே அடுப்பை அணைக்க வேண்டியதாயிற்று. இந்தப் புதுத் தட்டும் போனால் இந்த ஆண்டும் அவ்வளவுதான். அதைவிட, இருபது வருஷமாக அடுப்பை எவரிடமும் விடாத அக்கா கிஸ்லேன் இன்றுதான் முதல் தடவையாக, "நீ பாத்துக்கோடி" என்று சொல்லிவிட்டு மேப்பிள் தோப்புக்குள் போயிருந்தாள். இனி மிரேயை அடுப்புப் பக்கம் விடுவாளா?

மிரேய் வெளியே பாய்ந்து ஒரு வாளி பனியை அள்ளி வந்து கொட்டினாள். 'சுர்ர்' என்றது, போன இடம் தெரியவில்லை. தட்டின் மூலையில் நுரை பழுப்பாகிக்கொண்டிருந்தது.

ஜன்னலோரம் இரண்டு கேன்கள் நின்றன. இந்தப் பருவத்தின் முதல் பாகு, வைக்கோல் நிறத்தில் பளபளவென்று. ஞாயிற்றுக்கிழமை ஊர்ப் போட்டிக்காக அக்கா ஒதுக்கி வைத்தது. ஏழு வருஷமாக ஆற்றுக்கு அக்கரைத் தோப்புக்காரர்களிடம் தோற்று, இந்த முறை ஜெயித்தே தீருவேன் என்று எல்லோரிடமும் சவால் விட்டிருந்தாள்.

மிரேய் முதல் கேனைத் தூக்கினாள்.

"அதையா? அக்கா உன்னைக் கொன்னுடுவா!"

"கொல்லட்டும்! தட்டு பொழைக்கட்டும்!"

குபுகுபுவென்று பாகு தட்டில் பரவியது. இரண்டாவது கேனும் கவிழ்ந்தது. பழுப்பு நுரை அடங்கியது. இன்னும் ஒரு நிமிடம் தாங்கும், அதற்குமேல் தாங்காது.

"காபி! சூடா இருக்கா?"

நோர்மானுக்குச் சட்டென்று உறைத்தது. கெண்டியைத் தூக்கி மிச்சக் காபி முழுவதையும் குழாய் வளைவில் ஊற்றினான். சுத்தியலால் ஓர் அடி, இன்னோர் அடி... 'பளக்' என்று உறைந்த கட்டி விட்டது. மேப்பிள் நீர் சீறிக்கொண்டு தட்டில் இறங்கியது. மிரேய் கத்திக்கொண்டே அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இருவரும் நீராவிக்கு நடுவே துள்ளிக் குதித்தார்கள்.

கதவு திறந்தது. முழங்கால் வரை பனியோடு கிஸ்லேன்.

அவள் பார்வை குழாயில் வடியும் காபிக்குப் போனது; பிறகு காலிக் கேன்களுக்கு.

"அக்கா, குழாய் உறைஞ்சு போச்சு. வேற வழியில்ல... ரெண்டையும் ஊத்திட்டேன்."

கிஸ்லேன் நேராகத் தட்டருகே போனாள். நீண்ட கரண்டியால் அடியைச் சுரண்டிப் பார்த்தாள். எங்கும் கருகல் இல்லை. திரும்பியபோது அவள் முகம் சிவந்திருந்தது.

"போன வருஷம் எனக்கும் இதே கதிதான்டி. பாகை ஊத்த மனசு வராம, தட்டைக் கருகவிட்டுட்டு, தட்டைப் பத்தவெச்சது சரியில்ல, அதான் ஓட்டையாச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன்."