கோதண்டம் காத்த புல்

முப்போகம் விளைந்த நிலத்தையெல்லாம் மனை போட்டு விற்றுவிட்டு, மிச்சம் கிடந்த ஒரு துண்டில் முளைத்த புல்லுக்குக் காவல் நிற்கிற மனிதரை வடிவு பாரிவாக்கத்துக்குக் குடிவந்த பிறகுதான் பார்த்தாள். அவர்தான் கோதண்டம், நகர் நலச் சங்கத் தலைவர். அந்தத் துண்டுதான் சிறுவர் பூங்கா. தொண்ணூற்றொன்றாம் வருஷம் அதில் ஓர் ஊஞ்சல், ஒரு சறுக்குமரம், ஒரு சீசா பலகை எல்லாம் வந்து இறங்கின. கோதண்டம் தன் பங்குக்கு ஒரு பூட்டு வாங்கி வந்தார். பூட்டா அது! அதைத் தொங்கவிட்ட அன்றே கேட் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது.

வாசல் வளைவில் 'சிறுவர் பூங்கா' என்று எழுதியிருக்கும். அதற்குக் கீழே இன்னும் பெரிய எழுத்தில், 'சிறுவர்களுக்கு அனுமதி இல்லை'. காலையில் கோதண்டம் மட்டும் பூவாளியோடு உள்ளே போவார். ஒவ்வொரு புல்லுக்கும் பெயர் வைத்துக் காது குத்தாததுதான் பாக்கி.

மகள் சொர்ணம் மட்டும் தொங்கவே பிறந்த பிள்ளையாக இல்லாவிட்டால், வடிவுக்கும் இது வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும். நாலு வயது. கொடிக்கயிற்றில் தொங்குவாள், பால்காரர் சைக்கிளில் தொங்குவாள், எருமை வால் கிடைத்தால் அதையும் விடமாட்டாள். வீட்டுக்கார நாகம்மாளின் இரும்புக் கேட்டில் ஏறி ஆடி ஆடி, கடைசியில் அதைக் கீலோடு பிடுங்கிப் பக்கத்து மனையில் போட்டுவிட்டாள்.

"ஏம்மே வடிவு, கேட்ட மாட்டிட்டேன். இன்னொரு தபா உம்பொண்ணு இதுல தொங்குனா, சட்டி பானையத் தூக்கிகினு நெமிலிச்சேரி டேசனாண்ட போய்க் குந்து. என் ஊட்ல எடம் கெடியாது!"

வடிவின் புருஷனுக்கு ஆவடியில் ஷிப்டு வேலை. இதைவிட்டால் அந்த வாடகைக்கு வேறு வீடு அமையாது. ஒன்று குழந்தைக்கு ஊஞ்சல் கிடைக்கவேண்டும், இல்லையென்றால் குடும்பமே தெருவில். வடிவு கோதண்டத்திடம் போனாள்.

"அண்ணே, சாயங்காலம் சித்த நேரம் தொறந்து வுடுங்கண்ணே. புள்ள ஆடிட்டு வந்துரும்."

"இன்னாமா நீ! இப்பத்தான் புல்லு வேர் புடிச்சிகினு கீது. பசங்கள வுட்டா இன்னாத்துக்கு ஆவும்?"

"பசங்களுக்குத்தானேண்ணே பார்க்கு?"

"பசங்க வளந்து பூடும்மா. பார்க்கு அப்பிடியா?"

ஏதோ மகா தத்துவத்தை உதிர்த்துவிட்டவர் போல மீசையைத் தடவிக்கொண்டார். வடிவு தலையில் அடித்துக்கொண்டு திரும்பினாள்.

ஆடி மாதம் வந்தது. கூழ் ஊற்றுகிற அன்று கோதண்டத்துக்குப் பெருமை தலைக்கேறிவிட்டது. குமணன்சாவடியிலிருந்து ஒரு பெரிய மனிதரை மாலை மரியாதையோடு அழைத்து வந்து, பூங்கா ஊஞ்சலில் அம்மனை வைத்து ஆட்ட ஏற்பாடு செய்தார். அம்மனுக்கும், பெரிய மனிதருக்கும், பூசாரி துலுக்கானத்துக்கும், பம்பைக்காரர்களுக்கும் மட்டும்தான் உள்ளே இடம். புல்மேல் கோணி விரித்து, பூசாரியை நுனிக்காலில் நடக்கவிட்டார். ஊர்ச் சனம் முழுக்க வேலிக்கு வெளியே.

"அம்மா, சாமி மட்டும் ஆடுது," என்று சொர்ணம் வடிவின் இடுப்பில் இருந்தபடி விசும்பினாள்.

பம்பை உச்சத்துக்குப் போனது. வடிவு குழந்தையைப் பக்கத்தில் நின்ற லோகநாயகியிடம் திணித்தாள். கொண்டையை அவிழ்த்தாள்.

"டேய் கோதண்டம்!"

சனம் விலகியது. வடிவு கேட்டைத் தள்ளிக்கொண்டு புல்மேல் ஏறினாள். அந்த முதல் கூப்பாடு தன்னுடையதுதான் என்று அவளுக்குத் தெரியும். அதற்கப்புறம் வந்ததெல்லாம் எங்கிருந்து வந்ததென்று அவளுக்கே தெரியாது.

கோதண்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "தாயே! இன்னா கொற வெச்சேன்?"

"என்னை ஒண்டியா குந்த வெச்சிட்டியேடா! எம்புள்ளைங்க வேலிக்கு அந்தாண்ட அழுவுது, நான் மட்டும் ஆடுவனா?"

"இல்ல தாயே, புல்லு..."

"மழையக் குடுக்கறவ நானு! எங்கிட்டயே புல்லு கதை சொல்றியா? பசங்க உள்ள வரலேன்னா ஒரு துளி வுழாது!"

"வெள்ளிக்கெழமைல மட்டும் வுடறேன் தாயே," என்று கோதண்டம் அம்மனிடமே பேரம் பேசினார்.

"தெனிக்கும்டா! சாயங்காலம் நாலு மணிக்கு!"

"அது தண்ணி ஊத்துற நேரமாச்சே..."

வடிவு நாக்கைத் துருத்திக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். பயத்தில் பெரிய மனிதர் சறுக்குமரத்தின் ஏணியில் ஏறி, மாலையோடு அந்தப் பக்கம் சறுக்கி விழுந்தார். அந்தச் சறுக்குமரத்தில் முதன்முதலாகச் சறுக்கியவர் என்ற பெருமை அவருக்கே.

"நாலு மணிக்குத் தாயே! சத்தியமா!" என்று கோதண்டம் காலில் விழுந்தார்.

துலுக்கானம் அம்மனைப் பணிவோடு இறக்கி வைத்ததுதான் தாமதம். பாரிவாக்கத்தில் இத்தனை பிள்ளைகளா என்று பெற்றவர்களே மலைக்கிற அளவுக்கு வேலி தாண்டி வந்து குதித்தார்கள். கோதண்டம் கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்ப்பதற்குள் புல் போய்ச் செம்மண் தெரிந்தது. சொர்ணம் ஊஞ்சலில் உட்கார்ந்தவள், கூழையும் அங்கேயே ஊட்டச் சொன்னாள்.

கோதண்டம் அத்தனை லேசில் திருந்துகிற ஆளா? மறுநாள் நாலு மணிக்குக் கேட்டைத் திறந்துதான் வைத்தார். சறுக்குமரத்தையும் சீசாவையும் மட்டும் தேங்காய் நார்க் கயிற்றால் சுற்றி, முடிச்சுமேல் முடிச்சுப் போட்டிருந்தார்.

"அம்மன் ஆடச் சொன்னது ஊஞ்சல்லதாம்மா," என்றார், சிரித்துக்கொண்டே.

"அப்பிடியாண்ணே?" என்றாள் லோகநாயகி. அவள் மகனுக்கு சீசா மேல்தான் ஆசை. கையை மெதுவாகக் கொண்டைக்குக் கொண்டுபோனாள்.

அவள் ஊசியை உருவுவதற்குள், கோதண்டம் மண்டியிட்டு உட்கார்ந்து கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார்.