இருசப்பன் பெட்டி

என் ஸ்டுடியோவில் ஒரு கறுப்புக் கோட்டு உண்டு. நாற்பத்தெட்டில் தைத்தது. அதைப் போட்டுக்கொண்டு படம் எடுத்தவர்களை வரிசையாக நிறுத்தினால் புதுச்சேரியில் பாதிப் பேர் வந்துவிடுவார்கள். ஒரு நாளும் துவைத்ததில்லை. துவைத்தால் சுருங்கிப்போகும் என்று தையற்காரன் சொல்லிவிட்டான். அக்குளில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். நாற்றத்தைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே மேல்.

அறுபத்திரண்டாம் வருஷக் கடைசியில் அந்தக் கோட்டுக்கு ஓய்வே கிடையாது. புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைக்கிற ஒப்பந்தம் அமலுக்கு வந்துவிட்டது, பிரெஞ்சுக்காரனாகவே இருக்க நினைக்கிறவன் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று அறிவித்திருந்தார்கள். எழுதிக் கொடுக்கப் படம் வேண்டும். பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற என் சந்தில் விடிந்ததும் ஆட்கள் வந்து நிற்பார்கள். மேலே கோட்டும் டையும், கீழே வேட்டி. படத்தில் இடுப்புக்குக் கீழே வராது, அதனால் நானும் கண்டுகொள்வதில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் பிரெஞ்சுக் கொடி இறங்கியபோது இதே சந்தில் மிட்டாய் கொடுத்தவர்களும் அதில் உண்டு. நானும் அவர்கள் தாடையைப் பிடித்து நிமிர்த்திவிட்டுப் படம் எடுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

அப்படி ஒரு காலையில் தில்லையம்மாள் வந்தாள். காலாப்பட்டுக் குப்பத்துக்காரி. முப்பதைத் தாண்டியிருக்க மாட்டாள். மீன் கூடையைச் சந்து முனையில் இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தவள், முந்தின வாரம் நான் எடுத்துக்கொடுத்த படத்தைத் திருப்பி நீட்டினாள்.

"இது செல்லாதாம் ஐயா."

"ஏன் செல்லாது? மூஞ்சி தெளிவாத்தானே இருக்குது?"

"பொட்டும் தாலியும் இருக்குதாம். தாலியறுத்தவன்னு காயிதம் எழுதணும்னா படத்துல அதெல்லாம் இருக்கக் கூடாதாம். பிரெஞ்சு ஆபீசு ராமலிங்கம் முசியே சொல்றாரு."

விஷயம் இதுதான். அவள் புருஷன் இருசப்பன் ஐம்பதில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து இந்தோசீனாவுக்குக் கப்பலேறினான். புயலில் கட்டுமரமும் வலையும் போன வருஷம் அது. மூன்று வருஷம் இருந்துவிட்டு வந்தால் சொந்தப் படகு வாங்கலாம் என்று ஆள் பிடிக்கிறவன் ஆசை காட்டினான். ஐம்பத்துமூன்றில் ஆளைக் காணோம் என்று ஒரு காகிதம் வந்தது. செத்தான் என்று இல்லை, காணோம். செத்தான் என்றால் அழுது தீர்த்து, கருமாதி பண்ணிவிட்டு, அடுத்த வேலையைப் பார்க்கலாம். காணோம் என்றால் என்ன செய்வது? ஒன்பது வருஷமாகப் பொட்டு வைத்துக்கொண்டு கூடை சுமக்கிறாள். குப்பத்தில் கலியாணம் என்றால் இவளை மணமேடைப் பக்கம் கூப்பிடலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. தெரியாததால் கூப்பிடாமலே விட்டுவிட்டார்கள்.

இப்போது பிரெஞ்சு ஆபீசில் பழைய கோப்புகளையெல்லாம் மூடுகிறார்களாம். இருசப்பன் பெயரில் சைகோனிலிருந்து வந்த ஒரு தகரப் பெட்டி இத்தனை வருஷமாகக் கிடங்கில் கிடந்திருக்கிறது. அதை விதவைக்குத்தான் கொடுப்பார்களாம். பெண்டாட்டிக்குக் கொடுக்கச் சட்டம் இல்லையாம்.

"பழைய சட்ட துணிதான் இருக்கும். விட்டுத் தொலையேம்மா" என்றேன்.

"அரணாக்கொடி இருக்குதான்னு பாக்கணும் ஐயா." அவள் குரல் மாறவில்லை. "வெள்ளி. என் கொலுச உருக்கிப் பண்ணிப் போட்டது. உசுரோட இருக்கிற ஆம்பள அத இடுப்புலேந்து கழட்ட மாட்டான். பெட்டில இருந்தா அவரு போயிட்டாருன்னு அர்த்தம். இல்லன்னா எங்கியோ இருக்காரு. எனக்கு அது தெரிஞ்சா போதும்."

எனக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. அவன் செத்தானா என்று தெரிய வேண்டுமானால் பெட்டியைத் திறக்க வேண்டும். பெட்டியைத் திறக்க வேண்டுமானால் அவன் முதலில் செத்தாக வேண்டும். எந்த நாய் யோசித்து எழுதிய சட்டமோ தெரியவில்லை.

"படத்துல மட்டும் அழிச்சுக் குடுத்துடுங்க ஐயா. என் மேல இருக்கறது இருக்கட்டும்."

செய்துவிடலாம் என்றேன். அம்மைத் தழும்பை மறைத்திருக்கிறேன், மாறுகண்ணை நேராக்கியிருக்கிறேன். நெகட்டிவ்வில் பொட்டு வெளுப்பாக நிற்கும். பென்சில் முனையால் பொறுமையாக நிரப்பினால் படத்தில் மறைந்துவிடும். தாலிக் கயிற்றைப் பிளேடு நுனியால் சுரண்டினேன். சுரண்டும்போதுதான் இருசப்பன் ஞாபகத்துக்கு வந்தான்.

ஆள் பிடிக்கிறவன் பத்துப் பத்துப் பேராகத்தான் இங்கே ஓட்டி வருவான். இதே கோட்டுதான். இருசப்பன் வாட்டசாட்டமானவன், உள்ளே சட்டை இல்லாமல் கோட்டைப் போட்டுக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். நல்ல பல். "சிரிக்காதடா, சிரிச்சா சிப்பாயா எடுத்துக்க மாட்டான்" என்று நான்தான் அதட்டினேன். போகும்போது, "பொண்டாட்டிக்கு ஒரு படம் குடுங்க ஐயா" என்று கேட்டான். ஆளுக்கு ஒரு படம்தான் கணக்கு என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இத்தனைக்கும் ஒரு துண்டுக் காகிதம். பிறகு அந்தப் படங்களின் நெகட்டிவ் இருந்த கண்ணாடித் தகடுகளைக் கழுவி என் வீட்டு ஜன்னலுக்குப் போட்டுக்கொண்டேன். அவனை ஏற்றி அனுப்பிய கூட்டத்தில் நானும் ஒருவன்தான், மறைத்துப் பேச என்ன இருக்கிறது.

மறுநாள் புதுப் படத்தைக் கொடுத்தேன். அவள் நெடுநேரம் பார்த்தாள்.

"இது தாலியறுத்த எங்க மாமியா மூஞ்சி" என்று சொல்லி முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். சாட்சிக்கு ஓர் ஆள் வேண்டும், கூட வர முடியுமா என்று கேட்டாள். கடையைச் சாத்திக்கொண்டு போனேன்.

பெரிய வாய்க்காலைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்தப் பக்கம் வெள்ளைச் சுவர்கள், இந்தப் பக்கம் நாம், நடுவில் ஊர்ச் சாக்கடை. அவர்கள் ஆண்டபோதும் நாறியது, அவர்கள் போன பிறகும் நாறுகிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்தோம்.

ஆபீசில் ராமலிங்கம் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அரியாங்குப்பத்துப் பக்கம் பயிர் வைத்த குடும்பம். அவர் அப்பாவை எனக்குத் தெரியும், ஏர் பிடித்தவர். இவரை வெள்ளைக்காரரைப்போல முசியே என்று கூப்பிடாவிட்டால் காது கேட்காது. உள்ளறையில் ஒரு வெள்ளைக்காரர் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார்.

ராமலிங்கம் படத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"படத்துல இருக்கறவ வேற, எதுர நிக்கறவ வேற. இத எப்படி நான் எடுத்துக்கறது?"

"அவதான் முசியே. நான் எடுத்த படம்" என்றேன்.

"அப்ப பொட்ட அழிக்கச் சொல்லு. தாலியக் கழட்டச் சொல்லு. அப்பறம் கையெழுத்து."

"உள்ள இருக்கிற தொரைக்கு இதெல்லாம் ஒண்ணுமில்லியே. அவரு இன்னா கேக்கவா போறாரு?" என்றேன்.

"அவருக்கு இன்னா தெரியும்? நம்ம வழக்கம் எனக்குத் தெரியுமில்ல" என்றார் ராமலிங்கம், பெருமையாக. மேசையிலிருந்து தன் கைக்குட்டையை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். மூக்குச் சிந்திய கைக்குட்டை. மடிப்பில் காய்ந்திருந்தது.

தில்லையம்மாள் அதைத் தொடவில்லை. கிடங்குக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முந்தானையால் நெற்றியை ஒரே இழுப்பாகத் துடைத்தாள். தாலியைத் தலை வழியாகக் கழற்றி மடியில் முடிந்துகொண்டாள். ஊரே கூடி அழ வேண்டிய காரியம் அது. அங்கே ஒரு மின்விசிறியும் நாங்கள் மூன்று பேரும்தான் இருந்தோம். உள்ளறையில் பத்திரிகையின் பக்கம் புரண்டது.

கட்டைவிரலை மையில் அழுத்தினாள். சாட்சியாக நானும் கையெழுத்துப் போட்டேன். சேவகன் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான். மேலே ஒட்டிய சீட்டில் இருசப்பன் பெயர் மங்கலாக இருந்தது.

அவளே திறந்தாள். ஒரு ஜெபமாலை. ஒரு மூக்குக்கண்ணாடி. சின்ன அளவுச் சட்டை இரண்டு, இருசப்பனின் ஒரு தோளுக்குக்கூடப் போதாது. அடியில் பழைய துணியில் சுற்றி ஒரு பல் செட்டு, மேல் வரிசை முழுவதும்.

"இது அவருது இல்ல" என்றாள் தில்லையம்மாள். பெட்டியின் மூலைகளை விரலால் துழாவினாள். அரணாக்கொடி இல்லை. "இது வேற யாருதோ ஐயா. அவருக்குப் பல்லு கல்லு மாதிரி இருக்கும்."

ராமலிங்கம் எட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். "சீட்டு மாறியிருக்கும். அங்க செத்தவன்லாம் நம்ம ஊரான்தானே, எவன் எவன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? வாங்கிக்கிட்டேன்னு கைநாட்டு வச்சாச்சு. எடுத்துக்கிட்டுக் கெளம்பு."

"அப்ப அவரு இருக்காரா இல்லியா?"

"காயிதப்படி செத்துட்டாரு. இப்ப நீதானே கைநாட்டு வச்ச?"

"நான் பொட்ட அழிச்சுட்டனே" என்றாள் அவள், அவரிடம் இல்லை, யாரிடமும் இல்லை.

எனக்கு அந்த ஆளின் வாயில் அந்தப் பல் செட்டைத் திணிக்க வேண்டும்போல இருந்தது. திணிக்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டேன். வாசல் தாண்டும்போது பின்னாலிருந்து அவர் கூப்பிட்டார். "காசிலிங்கம், சாயங்காலம் வரேன். எனக்கும் படம் எடுக்கணும். கோட்டு இருக்குதில்ல?"

ஸ்டுடியோவுக்கு வந்ததும் பெட்டியை ஓரமாக வைக்கச் சொன்னாள். "இதுக்காகவும் எவளோ ஒருத்தி காத்துக்கிட்டிருப்பா. விசாரிச்சுப் பாருங்க ஐயா." நான் தலையாட்டினேன்.

படம் எடுக்க வருகிறவர்களுக்காக ஒரு கண்ணாடி மாட்டியிருக்கிறேன். பக்கத்தில் சீப்பு, பவுடர் டப்பா, குங்குமச் சிமிழ். அவள் கண்ணாடி முன்னால் போய் நின்றாள். சிமிழைத் திறந்து விரலில் குங்குமத்தை எடுத்தாள். நெற்றி வரைக்கும் கொண்டு போனாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"பொட்டு நானே வச்சுக்கலாம். தாலிய யாரு கட்டுவாங்க?"

அவள் விரலைப் பக்கத்தில் தொங்கிய கோட்டில் துடைத்தாள். அழுத்தித் துடைத்தாள், நெஞ்சுக்கு நேராக, இரண்டு தடவை. பிறகு சந்து முனையில் வைத்திருந்த கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு காலாப்பட்டுப் பக்கம் நடந்தாள்.

சாயங்காலம் ராமலிங்கம் வந்தார். கோட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தார். "இது இன்னா செவப்பா?" என்று கேட்டு நகத்தால் சுரண்டினார். அது நூலுக்குள் இறங்கியிருந்தது, போகவில்லை.

"ஒண்ணுமில்ல முசியே, உக்காருங்க" என்றேன். தாடையைப் பிடித்து நிமிர்த்தினேன். என் விரலில் அவர் வியர்வை ஒட்டியது. வேட்டியில் துடைத்துக்கொண்டு படம் எடுத்தேன். கோட்டும் கறுப்பு, அந்தச் சிவப்பும் படத்தில் கறுப்பாகத்தான் விழும். நான் எதையும் அழிக்க வேண்டியிருக்கவில்லை.