ஓட்டோ சாரதியின் இரத்தம்

காலையிலிருந்து குனிந்தே நின்றதில் தனுஷாவின் பிடரி இறுகி, வலி தோள்வரை இறங்கியிருந்தது. ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் அவள் கையில் இருந்தது, வாட்டில் பத்தாம் கட்டிலில் காய்ச்சலோடு கிடந்த சதீசனின் இரத்தத்தில் வளர்ந்த கிருமித் தட்டு. இது அவனிடம் எடுத்த இரண்டாவது இரத்தம்.

முதலாவது போன கிழமை வந்தது. இரண்டு போத்தலில் ஒன்றில் மட்டும் கிருமி வளர்ந்திருந்தது. வயல் சேற்றில் ஆளைக் கொல்லும் கிருமி இனம் ஒன்று உண்டு. அச்சு அசலாக அதைப் போலவே சாதுவான இனமும் உண்டு. மூன்று நாள் வைத்துச் சோதித்தால்தான் பிரித்தறியலாம். படிவத்தில் தொழில் 'ஓட்டோ சாரதி' என்றிருந்தது. வயல்காரன் என்றிருந்தால் வைத்திருப்பாள். வெளியிலிருந்து கலந்தது என்று எழுதி, இரண்டாம் நாளே தட்டை வீசினாள்.

"தண்ணிக் கிருமிக்கெல்லாம் றிப்போட் எழுதினா, மறுகா வாவிக்கும் ஒரு வாட் துறக்கணும் புள்ள," என்றார் ஆய்வுகூடத்தில் அவளுக்கு மூத்தவரான றவூப். அவளும் சிரித்தாள்.

காய்ச்சல் இறங்காததால் மீண்டும் இரத்தம் வந்தது. இம்முறை வைத்திருந்தாள். மூன்றாம் நாள் கிருமித் திட்டுகள் சுருங்கி, வெடித்த களிமண் போலாகியிருந்தன. ஜென்டாமைசின் மருந்து வில்லைக்கு அடங்காமல், அதை முட்டிக்கொண்டு கிருமி வளர்ந்திருந்தது. வாட்டில் சதீசனுக்கு ஏறிய மருந்தும் அதுதான். கடைசிச் சோதனை அரபினோஸ் என்ற சீனி. சாதுவான இனம் அதைத் தின்னும். இது தின்னவில்லை.

வாட்டுக்குப் போன் எடுத்தாள்.

"மருந்தை மாத்தணும், உடனே டொக்டருக்குச் சொல்லுங்க."

"பத்தாம் கட்டிலா? அவர் விடியவே முடிஞ்சிட்டாரே, மிஸ்."

பின்னேரம் அவன் மனைவி அஜந்தா யன்னலில் வந்து நின்றாள். பெரியகல்லாற்றிலிருந்து பத்து நாளாக அலைந்த கால்கள், செருப்புக்குள் வீங்கியிருந்தன.

"வயல் கிருமியெண்டு டொக்டர் சொன்னாரு. ஓட்டோதான் ஓடுறவரு மிஸ். விதைப்புக்கு மட்டும் அண்ணன்ட வயல் வட்டைக்கி இறங்குவாரு. கால்ல நத்தைக்கோது வெட்டின காயம் இருந்த. கேட்டிருந்தாச் சொல்லியிருப்பமே."

றவூப் குனிந்து எதையோ தேடினார்.

"முதல் எடுத்த ரத்தத்தில ஒண்டுமில்லையெண்டாங்க. புறகு எங்கால வந்த?"

தனுஷாவின் வாய் திறந்தது.

"கடும் நோய் அக்கா," என்றாள்.

அஜந்தா தலையாட்டினாள். உடலைக் கொண்டுபோக வாகனம் காத்திருந்தது.

அவளுக்குத் தனுஷா பட்ட கடன் ஒரு பதில். முதல் இரத்தத்திலேயே இருந்தது, வீசியது நான். அதை அவள் இன்னும் கொடுக்கவில்லை.