புதன்கிழமைக் கதவு

பொருளாதாரத் துறையின் புதன்கிழமைக் கருத்தரங்கு இணையத்துக்கு மாறிய நாளிலிருந்து அதன் கதவு அவள் கையில் இருந்தது. லிங்க் அனுப்புவது, பேசுகிறவரின் ஸ்லைடு எல்லோருக்கும் தெரிகிறதா என்று பார்ப்பது, வெளியே காத்திருப்பவர்களை உள்ளே விடுவது, யார் வீட்டு நாயாவது குரைத்தால் அவர் மைக்கை அணைப்பது, கடைசியில் கை தூக்கியவர்களைக் கேள்வி கேட்கக் கூப்பிடுவது, எல்லாம் அவள் பொறுப்பு. பிசிறில்லாமல் செய்வாள். முடிந்ததும் துறைத்தலைவர் தவறாமல் சொல்வார்: "ஏற்பாடு பிரமாதம், மேடம்." மாணவர்கள் தனக்கு 'ஏற்பாடு மேடம்' என்று பெயர் வைத்திருப்பது அவளுக்கும் தெரியும்.

அவளுடைய ஆராய்ச்சியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லி வெகுகாலம் ஆகியிருந்தது. ஒரே தெருவில் எதிரெதிரே இரண்டு மருந்துக் கடைகள் ஏன் வருகின்றன, வந்த பிறகும் இரண்டும் எப்படிப் பிழைக்கின்றன என்று ஒரு கட்டுரை எழுதியிருந்தாள். அதைத் துறையில் எல்லோரும் மதிக்கிற ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினாள். அதன் ஆசிரியர் ஓர் அம்மா. 'நல்ல கேள்வி, ஆனால் எங்கள் வாசகர்களுக்கு ஏற்றதல்ல' என்று இரண்டே வரியில் திருப்பிவிட்டார். அதன்பின் அந்தக் கோப்பை அவள் திறக்கவில்லை.

அவள் கணவரும் அதே துறையில்தான் பேராசிரியர். இருவரும் ஒரே வழிகாட்டியிடம் முனைவர் பட்டம் பெற்றவர்கள். அந்தக் காலத்தில் கணக்கில் சந்தேகம் வந்தால் அவர்தான் இவளிடம் வருவார். இப்போது அவருடைய கட்டுரைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியாகிக்கொண்டிருந்தன. அவர் இவளிடமிருந்து எதையும் திருடவில்லை. திருடியிருந்தாலாவது கோபப்பட ஒரு காரணம் இருந்திருக்கும். வீட்டில் பாதி வேலை செய்தார், இவளுக்குத் தலைவலி என்றால் இவள் வகுப்பையும் சேர்த்து எடுத்தார். அப்படிப்பட்டவரைப் பார்த்து வயிறு எரிகிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது?

போதாததற்கு மாமியார் வேறு. தினமும் காலையில் போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு நாத்தனாரிடம் பேசுவார். "உங்க அண்ணன் பேச்சைக் கேக்க எங்கெங்கிருந்தோ ஆளுங்க வராங்களாம்டி. இருந்த எடத்துல இருந்துக்கிட்டே பேசறான்." மருமகளைப் பற்றி அந்தப்பக்கம் விசாரித்தால், "அவளுக்கென்ன, அவளும் கம்ப்யூட்டர் முன்னாடிதான் உக்காந்திருக்கா" என்று முடித்துக்கொள்வார்.

பருவத்தின் கடைசிக் கருத்தரங்கில் கணவர் பேசுவது என்று முடிவானது. தலைப்பு, வாடகை வீடுகள். பல வருஷம் ஒரே வீட்டில் இருப்பவர்களிடம் வீட்டுக்காரர்கள் வாடகையை அதிகம் ஏற்றுவதில்லை. அது பழகிய முகம் என்ற தயவா, வீடு காலியாகிவிடுமோ என்ற பயமா? துறைத்தலைவர் போனில் துள்ளிக் குதிக்காத குறை. "மேடம், அந்த இதழாசிரியர் அம்மாவையும் கூப்பிட்டுட்டேன். சார் பேப்பரைக் கேக்கணும்னு அவங்களே ஆசைப்பட்டாங்க. கதவு உங்க கையில இருக்கு, எனக்குக் கவலையே இல்ல."

அவளுக்கு இரண்டு வரி அனுப்பிய அம்மா, கணவருக்குத் தானே தேடி வருகிறார்.

அன்று காலை அந்த அம்மாவே அவளுக்குப் போன் செய்தார். "என் கம்ப்யூட்டர் ரிப்பேர்மா. மாப்பிள்ளையோட டேப்லெட்லதான் வருவேன். பேரு 'மாப்பிள்ளை டேப்'னு காட்டும், யாரோன்னு தொரத்திடாதீங்க." மருந்துக் கடைக் கட்டுரையை எழுதியவள் இவள்தான் என்ற நினைவு அந்தக் குரலில் துளியும் இல்லை. இவள் சிரித்தபடி, "வாங்க மேடம், பாத்துக்கறேன்" என்றாள்.

கருத்தரங்கு தொடங்கியது. கணவர் முன்னறையில், இவள் சுவருக்கு இந்தப்பக்கம் சாப்பாட்டு மேசையில். அவர் குரல் முதலில் சுவர் வழியாக வந்தது. அதே வார்த்தை கொஞ்சம் தாமதித்து மடிக்கணினியிலிருந்தும் வந்தது. ஒரு தடவை கேட்பதே போதுமானதாக இருந்த பேச்சை அவள் இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது. நன்றாகப் பேசினார். பெட்டி பெட்டியாகத் தெரிந்த முகங்கள் தலையாட்டின.

அவர் முதல் வரைபடத்தைக் காட்டிக்கொண்டிருந்தபோது திரையின் ஓரத்தில் ஒரு பட்டை எழுந்தது. 'மாப்பிள்ளை டேப் காத்திருக்கிறார். அனுமதிக்கவா?'

இந்த ஸ்லைடு முடியட்டும், நடுவில் தொந்தரவாக இருக்கும் என்று நினைத்தாள். ஸ்லைடு முடிந்தது. அடுத்ததும் முடிந்தது. தாமதமாக வந்த இரண்டு ஆய்வு மாணவர்களை உடனே உள்ளே விட்டாள். மாப்பிள்ளை மட்டும் வாசலிலேயே நின்றார். விரல் பொத்தானின் மேல் இருந்தது, அழுத்தவில்லை.

"எல்லாரும் வந்தாச்சா?" அவர் பேச்சின் நடுவே கேட்டார்.

மைக்கைத் திறந்தாள். "வர வேண்டியவங்க வந்தாச்சு."

பட்டை மறைந்தது, கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தது. அந்த அம்மா வெளியே போய்த் திரும்பவும் கதவைத் தட்டுகிறார் என்று அவளுக்குப் புரிந்தது. செய்வது தப்பு என்று தெரிந்தும் உள்ளே ஏதோ இனித்தது. பிறகு பட்டை எழவே இல்லை.

கைதட்டல் ஓய்ந்து எல்லோரும் போனபின் அவர் முன்னறையிலிருந்து வந்தார். "அந்த அம்மா வரலையா?"

"காணோமே" என்றாள்.

அவர் முகம் விழுந்ததை அவள் பார்த்தாள். அவர் தண்ணீர் குடித்துவிட்டு, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார்.

அடுத்த சில வாரங்களில் அவர் அந்தக் கட்டுரையைத் தொடவில்லை. "அனுப்பலையா?" என்று மாமியார்கூடக் கேட்டார். "அவங்க வரேன்னு சொல்லிட்டு வரலைன்னா என்னம்மா அர்த்தம்? விசாரிச்சிருப்பாங்க, சரக்கு இல்லன்னு தெரிஞ்சிருக்கும்" என்று கணவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு கண் வரை எட்டவில்லை. மாமியாரின் காலை நேரப் போனிலும் சுருதி இறங்கியது. அவளுக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகத் தூக்கம் வந்தது. மருந்துக் கடைக் கோப்பை ஒருநாள் திறந்துகூடப் பார்த்தாள்.

பிறகு பயிலரங்கு வந்தது. பல துறைகள் சேர்ந்து இணையத்தில் நடத்திய இரண்டு நாள் நிகழ்ச்சி, பொறுப்பு வேறொரு கல்லூரிக்கு. சிறப்பு விருந்தினர் அந்த அம்மாதான். வரவேற்பு முடிந்ததும் அவர் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"இன்னைக்காவது உள்ள விட்டீங்களே! போன மாசம் வாடகைப் பேப்பரைக் கேக்க வந்து வாசல்ல நின்னேன். ரெண்டு தடவ தட்டினேன். யாரும் திறக்கல. நேரத்தை நான்தான் தப்பா குறிச்சுக்கிட்டேன்னு நெனச்சேன். அப்புறம்தான் அந்த நேரத்துல அமர்க்களமா நடந்துச்சுன்னு கேள்விப்பட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். துறைத்தலைவர் சிரிக்கவில்லை. "என்ன மேடம், என்ன ஆச்சு?" என்று அத்தனை பேர் முன்னாலும் அவளைக் கேட்டார்.

திரையில் தன் முகத்தைத் தானே பார்த்தாள். அதற்குள் சுவருக்கு அந்தப்பக்கமிருந்து கணவரின் குரல் வந்தது, பிறகு கணினியிலும் வந்தது.

"அன்னைக்கு அவங்க லேப்டாப் ஹேங் ஆயிடுச்சு சார். நான்தான் உங்ககிட்ட சொல்ல மறந்துட்டேன்."

"அடடா, அவ்வளவுதானா" என்றார் துறைத்தலைவர். நிகழ்ச்சி நகர்ந்தது.

அவள் லேப்டாப் அன்று ஹேங் ஆகவில்லை என்பது அவருக்குத் தெரியும். ஆகியிருந்தால் பேச்சின் நடுவே அவர் கேட்டதற்கு அவளால் பதில் சொல்லியிருக்க முடியாது.

மதிய இடைவேளையில் அவர் சமையலறைக்கு வந்தார். மாமியார் தட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். மகன் முகத்தைப் பார்த்ததும் தட்டை வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார்.

"யாருன்னு தெரிஞ்சுதான் வெளிய நிக்க வெச்சியா?"

"தெரிஞ்சுதான்."

"ஏன்?"

"பொறாமை" என்றாள். சொல்வதற்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

"யார் மேல?"

"உங்க மேலதான். வேற யார் மேல?"

அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஒரு மாசமா என்னைப் பத்தி நான் என்ன நெனச்சுக்கிட்டிருந்தேன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும். பக்கத்துலதானே இருந்தேன்."

அந்தப் பதில் அவரை அறைந்த மாதிரி இருந்தது.

"அப்புறம் ஏன் எனக்காகப் பொய் சொன்னீங்க?" என்று அவளே கேட்டாள்.

"அத்தனை பேர் முன்னாடி பொண்டாட்டிய விட்டுக்கொடுக்கச் சொல்றியா?" சாப்பிடாமலே முன்னறைக்குத் திரும்பிப் போய்க் கதவைச் சாத்தினார். அந்த வீட்டில் அவர் கதவைச் சாத்தி அவள் பார்த்ததில்லை.

அவள் அங்கேயே நின்றாள். வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. ஆனால் அதையெல்லாம் தாண்டி ஒரு நினைப்பு முள்ளாகக் குத்தியது. நல்லவராக இருப்பதிலும் அவரே முந்திக்கொண்டார். கட்டுரையில்தான் அவர் மேலே என்று பார்த்தால், இனி வாழ்நாள் முழுக்க அவருடைய பெருந்தன்மைக்குக் கீழேயும் குந்தியிருக்க வேண்டும். அது மட்டும் தன்னால் ஆகாது என்று தோன்றியது.

இடைவேளை முடிந்து எல்லோரும் திரும்பியதும் அவள் கை தூக்கினாள்.

"மேடம், காலையில லேப்டாப் ஹேங் ஆச்சுன்னு சொன்னது உண்மையில்ல. வெளிய நிக்கறது நீங்கதான்னு தெரிஞ்சது. நான்தான் வேணும்னே திறக்கல. மன்னிச்சிடுங்க."

பெட்டிகளில் ஒரு முகமும் அசையவில்லை. ஒரு நொடி நெட் போய்விட்டதோ என்றுகூட அவளுக்குத் தோன்றியது. துறைத்தலைவர் இருமினார்.

"வேணும்னேவா?" அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "என் மேல கோபமா?"

"கொஞ்சம். அவர் மேல அதைவிட அதிகம்."

அந்த அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "மன்னிக்கறதுக்குக் கொஞ்ச நாள் ஆகும்மா. நான் ஒண்ணும் தெய்வம் இல்ல. சரி, அடுத்த பேப்பர் யாரு?"

மறுநாளே கருத்தரங்கின் பொறுப்பு புதிதாகச் சேர்ந்த விரிவுரையாளர் ஒருத்தியிடம் போனது. துறைத்தலைவர் நேரில் திட்டவில்லை. தாழ்வாரத்தில் பார்த்தால் போனை எடுத்துப் பேசுவதுபோல் நடந்துபோனார், அவ்வளவுதான். புதுப் பருவத்தின் முதல் புதன்கிழமை "ஏற்பாடு பிரமாதம்" என்று அந்தப் பெண்ணிடம் அவர் சொன்னதைக் கேட்டபோது, எந்தப் பாராட்டை இத்தனை நாள் வெறுத்தாளோ அதற்கும் அவளுக்குப் பொறாமை வந்தது. தன் தலையில் தானே குட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

கணவர் புதன்கிழமைகளில் வீட்டில் இருப்பதை விட்டார். பல்கலைக்கழக அறைக்கே போய்விடுவார். வீட்டில் அளவாகப் பேசினார். "பால் வாங்கணுமா", "அம்மாவுக்கு மாத்திரை தீர்ந்துடுச்சு", அந்த அளவில். மாமியாருக்கு விஷயம் எப்படியோ எட்டியிருந்தது. ஒரு வாரம் மருமகளிடம் முகம் கொடுக்கவில்லை. பிறகு ஒருநாள், துணி மடித்துக்கொண்டிருந்தவளின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"உனக்கும் ஏதோ பேப்பர் இருக்காமே. என்ன அது?"

"மருந்துக் கடை பத்தி, அத்தை."

"அதை ஏன் என்கிட்ட சொன்னதே இல்ல?"

"நீங்க கேட்டதே இல்லயே."

மாமியார் ஒரு தலையணை உறையை எடுத்து மடித்தார். "அதுவும் சரிதான்" என்றார்.

வாடகைக் கட்டுரையை அந்த அம்மா கேட்டு வாங்கிப் படித்தார். இரண்டு மாதத்தில் பதில் வந்தது: தயவா பயமா என்பதை இந்தத் தரவை வைத்துப் பிரிக்க முடியாது, வெளியிட இயலாது. அன்று அவள் கதவைத் திறந்திருந்தாலும் இதே கதிதான். கணவர் அதை மேசைமேல் அவள் முன்னால் வைத்துவிட்டுச் சும்மா நின்றார். அவளுக்கு அது முன்னைப்போல இனிக்கவில்லை. இனிக்கவே இல்லை என்று சொன்னால் பொய்.

"மூணாவது பத்தி ரொம்ப அநியாயம்" என்றாள், படித்துவிட்டு. "குடிமாறினவங்களையும் சேத்துப் பாத்தா பிரிக்கலாம்."

"எப்படி?"

நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரலாமா வேண்டாமா என்று யோசித்தது தெரிந்தது. பிறகு உட்கார்ந்தார். இரண்டு முறை குரல் உயர்ந்தது, ஒரு முறை அவர் "உனக்கு என்ன தெரியும்?" என்றார், இவள் "உங்களைவிடத் தெரியும்" என்றாள்.

வேலை பாதியில் நின்றபோது, அவர் திரையைப் பார்த்தபடியே கேட்டார். "இது நல்லபடியா வந்தா என் பேருதான் முன்னாடி இருக்கும். உனக்குத் தாங்குமா?"

அவள் யோசித்தாள். "தாங்காது" என்றாள். "பேரை என்ன பண்றதுன்னு அப்புறம் சண்டை போட்டுக்கலாம். அந்த அட்டவணையை இப்படித் திருப்புங்க."

அவர் திருப்பினார்.