மூன்றாவது ஸ்க்ரூவைத் தொட்டது யார்?

1

"கழட்டத்தான் பாத்தேன்னு சொல்றேன்ல..."

"பாத்த லட்சணம் தெரியுதே, ஸ்க்ரூ தலையைப் பூரா மழுக்கி..."

"அது பழைய ஸ்க்ரூம்மா. ஏற்கெனவே தேஞ்சிருந்தது."

"நேத்து நல்லா இருந்துச்சுப்பா! மத்த ரெண்டு ஸ்க்ரூவும் வெண்ணெய் மாதிரி கழண்டு வந்துச்சு. இது ஒண்ணுதான் பாக்கி."

"அப்ப நேத்தே அதையும் முடிச்சிருக்கணும். பாதியில விட்டுட்டு என்னைக் குடைஞ்சா?"

"நாப்பது வருஷமா ஸ்க்ரூ கழட்டுற கை உங்களுது. இன்னிக்கு மட்டும் வழுக்குதா?"

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் காதில் விழுந்தது இவ்வளவுதான். ஆயில் மாற்ற வண்டியைக் கொடுத்துவிட்டு, பட்டறையின் தகரத் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். முகம் பார்க்கவில்லை. இனி வருவதெல்லாம் நான் கட்டியது. எங்கே கட்டினேன் என்பதை மறைக்க மாட்டேன். மற்றபடி என்னை அதிகம் நம்ப வேண்டாம். நானும் அந்த அப்பாவின் வயதுக்காரிதான். தீர்ப்பு எந்தப் பக்கம் சாயும் என்று எனக்கே சந்தேகம்.

2

முதல் தொடக்கம்: அந்தப் பட்டறையில் அப்பாவும் மகளும் சேர்ந்து எத்தனையோ எஞ்சின்களை

(விட்டுவிட்டேன். பாசம் ஒழுகுகிறது.)

இரண்டாவது: இன்றைக்குச் சனிக்கிழமை. திங்கட்கிழமை காலை மகள் வேறு ஊரில் வேலையில் சேர வேண்டும். ஒழுகுவது அவள் கார். எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் வெளியே வரும் வழியில் உள்ளங்கை அளவு மூடி ஒன்று. மூன்று ஸ்க்ரூவில் நிற்கிறது. அதைத் திறந்து உள்ளே ரப்பர் வளையம் மாற்றினால் போதும். அரை மணி நேர வேலை.

பஸ்ஸில் போகக்கூடாதா என்று எனக்கும் தோன்றியது. தோன்றியதும் அந்த வேலையை மாற்றினேன்: சாலையில் நின்றுபோன வண்டிகளைத் தேடிப்போய்ச் சரிசெய்யும் வேலை, சொந்தக் கார் இல்லாதவர்களை எடுக்கமாட்டார்கள். ஆக, மூன்றாவது ஸ்க்ரூ கழலாவிட்டால் மகள் போகமுடியாது. அதை விரும்பக்கூடிய ஆள் அந்தப் பட்டறையில் ஒருவர்தான்.

ஒருவர்தானா?*

* மகளையும் விட்டுவிடாதீர்கள். வளையம் விற்கும் கடை மூடிவிடும் என்று நேற்று ஓடினாள் என்று வைத்துக்கொண்டேன். ஒரு ஸ்க்ரூவுக்கு எவ்வளவு நேரமாகும்? போக மனமில்லாதவள் இப்படியும் ஒன்றை விட்டுவைப்பாள். 'நேத்து நல்லா இருந்துச்சு' என்பதற்கு அவள் வாயைத் தவிர வேறு சாட்சி இல்லை.

3

அவள் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிந்தாள். ஸ்க்ரூவின் தலையில் பிளஸ் வடிவப் பள்ளம். அதன் நான்கு கைகளிலும் ஒரு பக்கச் சுவர் மட்டும் மழுங்கியிருந்தது. மறுபக்கச் சுவர்கள் கத்திபோல நின்றன. கழற்றும்போது ஸ்க்ரூடிரைவர் ஒரு சுவரை நெம்பும், இறுக்கும்போது மறு சுவரை. மழுங்கியிருந்தது இறுக்கும் பக்கம். மழுங்கிய இடம் புதிதாய்ப் பளபளத்தது, தூசிகூட ஒட்டவில்லை.

டார்ச்சை எடுத்தாள்.

"கழட்டப் பாத்தீங்களா?"

"எத்தனை தடவை சொல்றது?"

"சரி" என்றாள். அந்தச் 'சரி'யை நான் பலமுறை எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாகக் குளிர்ந்துபோகிறது.

இடுக்கில் எண்ணெய் விட்டு ஊறவைத்தாள். இரும்பறுக்கும் ஹாக்ஸா பிளேடால் தலையின் குறுக்கே ஒரு கோடு அறுத்தாள். தட்டை ஸ்க்ரூடிரைவரை அதில் வைத்துச் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினாள். முழு எடையையும் மேலே போட்டு, இழைஇழையாகத் திருப்பினாள்.

"மெதுவா. உடைச்சிடாத, தண்டு உள்ளயே நின்னுக்கும்."

"உடைஞ்சா உங்களுக்கு வசதிதானே?"

'கிரீச்' என்றது. ஸ்க்ரூ கழன்றுவிட்டது. வளையம் மாற்றி, பழைய ஸ்க்ரூவின் இடத்தில் ஆறுமூலைத் தலை போல்ட் ஒன்றைக் கையாலேயே முதல் மூன்று சுற்று ஏற்றினாள்.

வண்டி தயார். ஆனால் கதை முடியவில்லை. அறுத்த கோட்டில் சாட்சியில் பாதி போய்விட்டது.

4

முடிவு, ஒன்று: வேண்டுமென்றே செய்தார். பெண்ணைப் பிரிய முடியாமல், இன்று காலை அவள் பட்டறைக்கு வருவதற்குள் இறுக்கிக் கெடுத்தார். இதை எழுதி, படித்து, பெருமூச்சு விட்டேன். பெருமூச்சு வந்ததால் அடித்துவிட்டேன்.

முடிவு, இரண்டு: அவர் பொய்யே சொல்லவில்லை. கழற்றத்தான் பார்த்தார். எந்தப் பக்கம் திருப்பினால் கழலும் என்பது, நாற்பது வருடத்துக்குப் பிறகு, ஒரு காலைப்பொழுதில் அவர் கையைவிட்டுப்

(இந்த வாக்கியத்தை முடிக்க என்னால் முடியவில்லை.)

மகளுக்கு எது தேவலை? வஞ்சகன் என்றால் கோபத்தோடு கிளம்பிவிடலாம். இரண்டாவது என்றால் கிளம்பவே முடியாது. அதனால் முதல் முடிவே உண்மையாக இருக்கட்டும் என்று அவள் உள்ளூர வேண்டுகிறாள் என்று சந்தேகிக்கிறேன்.

5

மேசையில் இருந்த இரும்பு வைஸின் வாயில் மகள் ஒரு பழைய மூடியை இறுக்கி, அதன் முன்னால் ஸ்க்ரூடிரைவரை வைத்தாள்.

"இதுல ஒரு ஸ்க்ரூ இருக்கு. கழட்டுங்கப்பா."

"எனக்கே பரீட்சையா? நல்லாயிருக்கு."

"கழட்டுங்க."

எடுத்தார். பள்ளத்தில் சரியாகப் பொருத்தினார். பொருத்தியவர் அப்படியே நின்றார். மகள் அவர் மணிக்கட்டையே பார்த்தாள். அது இடப்பக்கமும் போகவில்லை, வலப்பக்கமும் போகவில்லை.

அடுத்து அவர் ஒன்று சொல்கிறார். மகளைப் பிடித்துவைக்க இதைவிடச் சாமர்த்தியமான பேச்சு கிடையாது. அதனால் அதை நம்ப எனக்குத் தயக்கம். பயந்துபோன மனிதரும் இதையேதான் சொல்லுவார். அதனால் நம்பாமல் இருக்கவும் தயக்கம். கார்ச் சாவி அவள் கையில்தான் இருக்கிறது. அவள் பதிலை நான் எழுதப்போவதில்லை. அந்த இடத்தில் நீங்கள் நின்றுகொள்ளுங்கள்.

"போறதுக்கு முன்னால, கழட்டுறது எந்தப் பக்கம்னு சுவத்துல ஒரு அம்புக்குறி போட்டு வச்சிட்டுப் போம்மா."